பாயைச் சுருக்கும் கயிறு

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரித் தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. காற்றுக்கு எதிரே அகலமாக விரிந்து நிற்கும் எதற்கும் என்ன கதி நேரும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் உள்ள கணக்கை மட்டும் ஒருமுறை சொல்லிவிடலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 20 கி.மீ. காற்றில் சுகமாக ஓடுகிற பாய்ப்படகு, 30 கி.மீ. காற்றில் இரண்டேகால் மடங்கு சுமையைத் தாங்க வேண்டும், 40 கி.மீ. என்றால் நான்கு மடங்கு. இதற்குப் புயல் வர வேண்டும் என்பதில்லை. கோடையில் பிற்பகலில் எழும் கடற்காற்று கொஞ்சம் மிஞ்சினாலே போதும், அல்லது இடிமழைக்கு முன்னால் பத்து நிமிடம் அடிக்கும் வீச்சு போதும்.

அந்த நேரத்தில் படகோட்டி என்ன செய்ய முடியும்? உலகெங்கும் முக்கியமாக மூன்று வழிகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன: காற்று வரும் பக்கத்தில் எடையைக் கூட்டலாம், பெரிய பாயை இறக்கிவிட்டுச் சின்னப் பாயை ஏற்றலாம், அல்லது ஏற்றிய பாயையே சுருக்கலாம். மூன்றுக்கும் நம் கடலிலும் அண்டைக் கடலிலும் சான்று உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் மூன்றாவது வழியைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, பாயின் அடியில் கிடைமட்டமாக ஓடும் பூம் என்ற கட்டையில் பாயைச் சுருக்கிப் பிடிக்கும் ரீஃப் கயிறுகளை எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றியது. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் பாய் கிழிவதும் படகு கவிழ்வதும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன.

எடையைக் கூட்டுவது எல்லாவற்றிலும் பழையது. இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் ஓடிய ஒருவ என்ற ஒற்றை மிதவைப் படகுகளில், காற்று ஏற ஏற ஆட்கள் மிதவையை இணைக்கும் கம்புகளின்மேல் நகர்ந்து போய் உட்காருவார்கள். காற்றின் பலத்தையே அங்கே ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று என்று அளந்திருக்கிறார்கள். இதைவிடக் கச்சிதமான காற்றுமானி எனக்குத் தெரியவில்லை. பாக் நீரிணை ஓரத்து வத்தைகளில் மிதவைக்குப் பதில் குறுக்கே ஒரு நீளப் பலகை. காற்று பலத்தால் ஆள் அதன் நுனிக்குப் போய்விடுவான். ஆள் பலம் இருக்கும்வரை இந்த முறையில் குறை இல்லை. ஆனால் நாலாம் ஆளுக்குப் பிறகு ஐந்தாம் ஆளைத் தேட முடியாது.

இரண்டாவது வழி, பாயை இறக்குவது, அல்லது இறக்கி மாற்றுவது. தேவனாம்பட்டினத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் போன கட்டுமரங்களின் முக்கோணப் பாய்க்குப் பூம் கிடையாது. காற்று அதிகமானால் பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்துவார்கள். அதற்கும் மிஞ்சினால் பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானை விட்டுப் பாயை இறக்கித் துடுப்பைக் கையில் எடுப்பார்கள். மரம் மூழ்காது, கவிழ்ந்தாலும் நிமிர்த்திவிடலாம் என்பதால் அந்த ஏற்பாட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அரபிக் கடலின் டாவு என்ற பாய்க்கப்பல்களும் பாயைச் சுருக்கியதில்லை. பருவத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று அளவு மாறிய பாய்களைக் கூடவே கொண்டுபோய் மாற்றி ஏற்றுவார்கள். பாயைத் தாங்கும் நீளக் கட்டையான பருமலை இறக்கி, பாயை அவிழ்த்து, வேறொன்றைக் கட்டி, மீண்டும் ஏற்ற ஒரு கூட்டமே வேண்டும். அந்தக் கூட்டம் டாவில் இருந்தது.

இன்றைய விளையாட்டுப் படகுகளிலும் இதே வழிதான் என்பது பலருக்குத் தெரியாது. சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பிலிருந்து புறப்படும் சிறு படகுகளில் லேசர் என்று பழகிய ஐ.எல்.சி.ஏ. படகு ஒன்று. உடம்பு ஒன்றுதான், பாய் மூன்று அளவு: 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனை. அவர் ஓட்டுவது நடு அளவுப் பாய். அந்தப் படகின் பூமில் ரீஃப் கயிறு கிடையாது. அவசரமென்றால் பாயைக் கழற்றாமலே பாய்மரத்தைச் சுற்றி ஒன்றிரண்டு சுற்று சுற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கரைக்குப் பக்கத்திலேயே ஓடும் படகு என்பதால் இது எடுபடுகிறது.

கரை தெரியாத தூரத்தில், இரண்டு மூன்று பேரே உள்ள படகில், நள்ளிரவில் காற்று ஏறினால் மேலே சொன்ன இரண்டும் உதவாது. அங்கே பாயைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்த கைலியை மடித்துக் கட்டுவதுபோல, பாயின் அடிப்பகுதியை மடித்து, மிச்சத்தை மேலே வைத்துக்கொள்வது.

இந்த வித்தை முதலில் குறுக்குப் பாய்க் கப்பல்களில் செழித்தது. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் மோதினார்களே, அந்தக் கப்பல்களின் நடுப்பாய்களில் குறுக்கே வரிசை வரிசையாகத் துணிப்பட்டை தைத்து, பட்டை நெடுகிலும் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு பொடிக்கயிறு தொங்கும். காற்று ஏறினால் மாலுமிகள் பாய்மரத்தில் ஏறி, பருமலில் வயிறு பதியக் குப்புறச் சாய்ந்து, பாயை இழுத்துச் சுருட்டி அந்தப் பொடிக்கயிறுகளால் கட்டுவார்கள். இத்தனை ஏற்பாடு இருந்தும் அக்டோபர் நடுவில் வாடை தொடங்குமுன் அந்தக் கப்பற்படைகள் சோழமண்டலக் கரையை விட்டு விலகிப் போய்விடும். போகாமல் தங்கினால் என்னவாகும் என்பதை 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பல்கள் புயலில் பட்டுத் தெரிந்துகொண்டன.

தமிழர் கட்டிய கப்பலிலும் இந்த வித்தை அட்லாண்டிக் வரை போயிருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி வேறு பெயர் வைக்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிக்கொண்டுபோய் 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் சேர்த்தார்கள். அதுபோன்ற, பிரிக் இனத்து இரட்டைப் பாய்மரக் கப்பல்களில் முன்மரத்தில் குறுக்குப் பாய்களும், பின்மரத்தின் அடியில் பூமும் அதன்மேல் நீள்பாயும் உண்டு. ஆகவே மேலே ஏறிச் சுருட்டுவது, கீழே நின்று மடிப்பது என்ற இரண்டு வேலையும் ஒரே கப்பலில் நடக்கும். மேலே ஏறிச் சுருட்டும் வேலை இன்று பயிற்சிக் கப்பல்களோடு நின்றுவிட்டது. பூமில் மடிக்கும் வேலை மட்டும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். பூமோடு கூடிய முக்கோணப் பாயின் முன்விளிம்பு பாய்மரத்தை ஒட்டியிருக்கும், பின்விளிம்பு காற்றில் தொங்கும், அடிவிளிம்பு பூமின்மேல் கிடக்கும். அடிவிளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர்போல மேலே, முன்விளிம்பில் ஒரு கண், பின்விளிம்பில் ஒரு கண். இரண்டிலும் உலோக வளையம் பதித்து, சுற்றிலும் துணியை மூன்று நாலு அடுக்காகத் தைத்துக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். ரீஃப் போடுவது என்றால் பாயை அந்த அளவுக்கு இறக்கி, முன்கண்ணைப் பாய்மரத்தடியில் உள்ள கொக்கியில் மாட்டி, பின்கண்ணைக் கயிற்றால் பூமுக்கு இழுத்துவிடுவது. பழைய அடிவிளிம்பின் இடத்தில் இப்போது இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட கோடுதான் புதிய அடிவிளிம்பு.

முன்கண் கொக்கியில் மாட்டினால் தீர்ந்தது. சிக்கல் முழுக்கப் பின்கண்ணில்தான். அதற்கான கயிற்றுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை: கண்ணைக் கீழே பூமோடு அமுக்க வேண்டும், அதோடு பின்பக்கமாக இழுத்து அடிவிளிம்பை விறைப்பாக்க வேண்டும். முதல் வேலை கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. அது நடக்காவிட்டால் சுருக்கிய பாயில் தொப்பை விழும். தொப்பை விழுந்த பாய் காற்றை இன்னும் அதிகமாகப் பிடித்துப் படகைச் சாய்க்கும். பாயைச் சுருக்கியும் படகு அடங்கவில்லையே என்று புலம்புகிறவர்கள் அடுத்த ரீஃபுக்குப் போகுமுன் அடிவிளிம்பைத் தடவிப் பார்ப்பது நல்லது. வயிறு பெருத்த சின்னப் பாயைவிடத் தட்டையான பெரிய பாயே பலத்த காற்றில் அடக்கமாக ஓடும்.

கயிற்றை ஓட்டும் வழக்கமான பாதை இது. ஒரு முனையைப் பூமின்மேல், ரீஃப் போட்ட பிறகு பின்கண் வந்து உட்காரப்போகும் இடத்துக்கு நேர் கீழே கட்டுவார்கள். அங்கிருந்து கயிறு மேலே ஏறி, பின்கண்ணுக்குள் நுழைந்து, மறுபக்கமாக இறங்கி, பூமின் பின்முனையில் உள்ள கப்பியில் திரும்பி, பூமின் உள்ளேயோ ஓரமாகவோ முன்னுக்கு ஓடிப் பாய்மரத்தடிக்கு வரும். கட்டிய முனை கண்ணைக் கீழே அமுக்குகிறது; பின்முனைக் கப்பி பின்னால் இழுக்கிறது. கண் வழியே கயிறு போய்த் திரும்புவதால் இழுப்பவருக்குப் பலம் இரட்டிக்கிறது, உராய்வு தின்பது போக.

முனையை எங்கே கட்டுவது என்பதில்தான் பாதிப் படகுகள் தவறுகின்றன. கண் உட்காரும் இடத்துக்கு முன்னால் கட்டினால் கயிறு கண்ணை முன்னுக்கு இழுக்கும். அதாவது பின்முனைக் கப்பியோடு மல்லுக்கு நிற்கும். நேர் கீழேயோ ஓரிரு அங்குலம் பின்தள்ளியோ கட்ட வேண்டும். கணக்குப் போட்டு ஆணி அடிப்பதைவிட, காற்றில்லாத காலையில் கரையோரமாகப் பாயைச் சுருக்கிக் கட்டிப் பார்த்து, கண் உட்கார்ந்த இடத்தில் பூமின்மேல் ஒரு குறி போடுவதே சரி. முனையைப் பூமைச் சுற்றி வளைத்து, தன்மேலேயே ஓடும் சுருக்காகப் பவுலைன் முடிச்சில் கட்டினால், இழுக்க இழுக்கக் கயிறு பூமை இறுக்கிப் பிடிக்கும். பூமில் துளை போட வேண்டியதில்லை. பூமின்மேல் அது முன்னும் பின்னும் வழுகாமல் இருக்க ஒரு சிறிய பட்டை வளையம் போதும்.

இரண்டாம் ரீஃபுக்கு இதே பாதை, ஆனால் கோணம் மோசம். இரண்டாம் கண் உட்காரும் இடம் பூமின் நடுவை நோக்கி நகர்ந்திருக்கும். பின்முனைக் கப்பி அதிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால் கயிறு கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் பின்னால் மட்டுமே இழுக்கும், கீழே அமுக்காது. எனவே கட்டிய முனையின் இடம் முதல் ரீஃபைவிட இரண்டாம் ரீஃபில் இன்னும் முக்கியம். பழைய படகுகளில் பின்முனைக் கப்பியை நம்பாமல், ஒவ்வொரு ரீஃபுக்கும் பூமின் பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தனித்தனிக் கப்பி அறைந்திருப்பார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் சீரமைப்பது லேசு. எனக்கு அந்த ஏற்பாட்டின்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

கயிற்றின் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. பூம் 4 மீட்டர், கண் 1.5 மீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். பாய் முழுக்க ஏறியிருக்கும்போது கயிறு மேலே 1.5, கீழே அதைவிடச் சற்றுக் கூட, பூம் நெடுக 4, பாய்மரத்தடியிலிருந்து ஓட்டுபவர் உட்காரும் குழிவரை மூன்றரை. கையில் பிடிக்க மிச்சம் ஒன்றரை. ஏறத்தாழ 12 மீட்டர் ஆகிறது. இரண்டாம் ரீஃபுக்கு இன்னும் மூன்று மீட்டர் சேரும். ரப்பர்போல நீளும் நைலான் இங்கே ஆகாது. பாலியெஸ்டர் போதும், வசதியுள்ளவர்கள் டைனீமா போடுகிறார்கள். இரவில் தடவி இழுப்பதற்காக ஒவ்வொரு ரீஃபுக்கும் வேறு வேறு நிறக் கயிறு போடுவது அலங்காரத்துக்கு அல்ல.

இனி ஒற்றைக் கயிறா, இரட்டைக் கயிறா என்ற பழைய வழக்கு. ஒற்றைக் கயிறு ஏற்பாட்டில் அதே கயிறு பின்கண்ணை இழுத்துவிட்டு, முன்னுக்கு வந்து முன்கண்ணையும் இழுக்கும். யாரும் குழியை விட்டு எழுந்து பாய்மரத்தடிக்குப் போக வேண்டாம்; ஒரே இழுப்பில் எல்லாம் முடியும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நடப்பது வேறு. கயிறு ஆறு இடத்தில் திரும்புகிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் பத்தில் ஒரு பங்கு பலம் உராய்வில் போகிறது என்று வைத்தால், கடைசியில் மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல். அதிலும் முன்கண் முந்திக்கொண்டு இறங்கிவிடும், பின்கண் தொங்கிக்கொண்டு நிற்கும். மேலே சொன்ன தொப்பை இங்கேதான் பிறக்கிறது. சிறிய படகில் நல்ல கப்பிகள் போட்டால் சமாளிக்கலாம். 30 அடிக்கு மேற்பட்ட படகில் பின்கண்ணுக்கு ஒரு கயிறு, முன்கண்ணுக்குக் கொக்கியோ இன்னொரு கயிறோ என்று பிரித்துவிடுவதே என் தீர்ப்பு. ஒரு ஆள் பாய்மரத்தடிக்குப் போக வேண்டியிருக்கும், உண்மைதான். உடம்பில் கட்டிய பாதுகாப்புக் கயிற்றோடு போகட்டும்.

வேலை வரிசையும் மாறக்கூடாது. பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்து, தாமானை விட்டுப் பாயிலுள்ள காற்றைக் கொட்டு, பூமின் பின்முனையைத் தாங்கும் கயிற்றில் சுமையை ஏற்று. ஆஞ்சானை முன்பே போட்ட குறிவரை இறக்கு. முன்கண்ணை மாட்டு. ஆஞ்சானை மீண்டும் இறுக்கு. அதற்குப் பிறகே பின்கண் கயிற்றை இழு. ஆஞ்சானை இறுக்குமுன் பின்கண்ணை இழுத்தால் பாய் குறுக்கே திருகிக்கொள்ளும். பூமைத் தாங்காமல் இழுத்தால் பாயோடு பூமையும் சேர்த்துத் தூக்குகிறோம், கயிறு இழுக்கும் வின்ச் பொறியைச் சுற்றும் கை ஒடிந்துவிடும்.

இரண்டு கண்களுக்கும் நடுவில் தொங்கும் பொடிக்கயிறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. குறுக்குப் பாய்க் காலத்தில் அவற்றுக்குச் சுமை தாங்கும் வேலை இருந்தது. பூம் பாயில் அவை மடிந்த துணி காற்றில் அடித்துக்கொள்ளாமல் சேர்த்துக் கட்டுவதற்கு மட்டுமே, அதுவும் தளர்வாக. இதை அறியாமல் இறுக்கிக் கட்டியிருக்க, பின்கண் கயிறு சற்று நழுவினால், மொத்தச் சுமையும் பின்கண்ணுக்கு அடுத்த முதல் பொடிக்கயிற்றுத் துளையில் வந்து விழும். துணி அந்தத் துளையிலிருந்து மேலே நேர்கோட்டில் கிழியும். காற்று தணிந்து ரீஃபை அவிழ்க்கும்போது பொடிக்கயிறுகளை முதலில் அவிழ்க்காமல் பின்கண்ணை விட்டால் அதே கிழிசல்தான். கிழிந்த பாய்களைக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்தப் பிழை என்று துளையே சொல்லிவிடும்.

இத்தனை கயிற்றுப் பாட்டுக்கும் மாற்றாக வந்தவை உருளைகள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பூமையே சுழற்றி அதன்மேல் பாயைச் சுருட்டும் பொறி பரவலாக இருந்தது. பின்முனை சரிந்து தொங்கியது, பாய் சுருக்கம் விழுந்தது, சுழலும் பூமில் வேறெந்தக் கயிற்றையும் கட்ட முடியவில்லை. ஓட்டுபவர்களே அலுத்துப்போய்ப் பழைய மடிப்புக்குத் திரும்பினார்கள். பிறகு பாய்மரத்துக்குள்ளேயே சுருளும் பாய் வந்தது. வாடகைப் படகுகளில் அதுதான் இன்று அதிகம். பொத்தானை அழுத்தினால் சுருங்கும். பாதிச் சுருளில் சிக்கிக்கொண்டால் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது, கீழே இறக்கவும் முடியாது. துறைமுகத்துக்குத் துறைமுகம் போகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வங்காள விரிகுடாவில் அப்படி ஒரு சிக்கலோடு இரவைக் கழிக்க நான் துணிய மாட்டேன்.

நம் கடற்படை ஓட்டிகள் பழகியது நெடுந்தூர ஓட்டம். கோவாவில் கட்டிய 56 அடிப் படகுகளான மாதேயும் தாரிணியும் உலகைச் சுற்றியவை. மாதேயில் திலீப் தோண்டே 2009-10-இல் தனியாகச் சுற்றினார். அபிலாஷ் டாமி 2012-13-இல் எங்கும் நிற்காமல் சுற்றினார். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணியில் இருவரே புறப்பட்டார்கள்: கோழிக்கோட்டுத் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும். ஃபிரீமாண்டில், லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் தொட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். இருவர் என்றால் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனி ஆள். காற்று ஏறும் ஒவ்வொரு முறையும் பாய் சுருங்க வேண்டும், தணிந்தால் விரிய வேண்டும். தனியாகச் செய்ய முடியாத எந்தக் கயிற்று ஏற்பாடும் அங்கே ஏற்பாடே அல்ல.

ரீஃபுக்கும் எல்லை உண்டு. 2018 செப்டம்பர் 21 அன்று கோல்டன் குளோப் பந்தயத்தின் நடுவே, தெற்கு இந்தியப் பெருங்கடலில், அபிலாஷ் டாமியின் துரியா என்ற படகு புயலில் உருண்டு பாய்மரம் ஒடிந்தது. முதுகில் அடிபட்டவரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த அளவுக் காற்றில் மூன்றாம் ரீஃபும் அதிகம். அதற்கு முன்பே பெரிய பாயை முழுக்க இறக்கிப் பூமைத் தளத்தோடு கட்டிவிட்டு, பூமே வேண்டாத சின்னப் புயல்பாயை ஏற்றுவார்கள், அல்லது வெறும் மரத்தோடு ஓடுவார்கள். அதே அபிலாஷ் அடுத்த பந்தயத்தில், 2023 ஏப்ரலில், இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பாய்ப்படகு வைத்திருப்பவருக்கு மூன்று ரீஃப் தேவைப்படாது. புயல் கூண்டு ஏற்றிவிட்டால் யாரும் கடலுக்குப் போவதில்லை. இரண்டு போதும், ஆனால் இரண்டாவது ஆழமாக இருக்கட்டும். முதலாவதிலிருந்து அரை மீட்டர் மேலே ஒரு பேருக்கு வைத்தால் காற்று ஏறும்போது வித்தியாசமே தெரியாது. முதல் ரீஃபைப் போட்டதும் இரண்டாம் ரீஃப் கயிற்றின் தளர்வையும் இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வளையமாகத் தொங்கி ஆள் கழுத்திலோ பூம் முனையிலோ மாட்டும். பாய் முழுக்க விரிந்திருக்கும்போது அதற்கு நேர்மாறு: கயிறு கொஞ்சம் தளர்வாகவே இருக்க வேண்டும், இறுகினால் பின்விளிம்பு மடிந்துபோகும். நம் வெயிலில் கயிற்றின் மேலுறை நூல் வெளுத்துப் பொடியாகும், அதைவிட வேகமாகத் தேய்வது பின்கண்ணுக்குள் நுழைந்து நிற்கும் ஒரு சாண் நீளம். வருஷத்துக்கு ஒருமுறை, வாடை தொடங்குமுன், கயிற்றைக் கழற்றி முனை மாற்றிக் கோத்தால் தேய்ந்த இடம் கண்ணை விட்டு நகர்ந்துவிடும், கயிறு இன்னொரு வருஷம் உழைக்கும்.